ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் சிறந்த கிதார் கலைஞர் யார்?

கேள்வி இதுதான்: ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் இத்தனை ஆண்டுகளில் கிதார் வாசித்தவர்களில் சிறந்தவர் யார்? மிக் டெய்லர்தான் என்று பெரும்பாலான ரசிகர்கள் அடித்துச் சொல்லும்போது, நீளமாக ஒரு சோலோகூட (தனியாக முன்னே வந்து வாசிக்கும் பகுதி) வாசிக்காத கீத் ரிச்சர்ட்ஸை ஏன் தலைமேல் தூக்கி வைக்கிறார்கள்? எந்தப் பாட்டுகளைக் கேட்டால் இது விளங்கும்?

கேட்டவர் கிதார் பழகுகிறவர் என்பது கேள்வியிலேயே தெரிகிறது. ஆகவே விரல் எங்கே போகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். என் தீர்ப்பை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: அந்தக் குழுவில் வாசித்தவர்களில் கைத்திறன் மிக்கவர் மிக் டெய்லர், அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஆனால் அந்தக் குழுவின் சிறந்த கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ். இவை இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

1962இல் லண்டனில் தொடங்கிய இக்குழுவில் எப்போதும் இரண்டு கிதார்கள் இருந்திருக்கின்றன. ஒரு நாற்காலியில் கீத் தொடக்கத்திலிருந்து இன்றுவரை அமர்ந்திருக்கிறார். மற்ற நாற்காலியில் பிரையன் ஜோன்ஸ் 1969 வரையிலும், மிக் டெய்லர் 1969 முதல் 1974 வரையிலும், ரான் வுட் 1975 முதல் இன்றுவரையிலும் இருந்திருக்கிறார்கள். ஆக, ரசிகர்களின் விவாதம் பெரும்பாலும் அந்த இரண்டாம் நாற்காலியைப் பற்றியதாகவே இருக்கிறது. முதல் நாற்காலிக்காரரைச் சுவர்போல எடுத்துக்கொண்டு, சுவரில் தொங்கும் படங்களை மட்டும் ஒப்பிடுகிறார்கள்.

பிரையன் ஜோன்ஸிலிருந்து தொடங்கலாம். இன்றைய ரசிகர்கள் அவரை அதிகம் பேசுவதில்லை, பேசினாலும் 27 வயதில் நீச்சல் குளத்தில் இறந்துபோனதைத்தான் பேசுகிறார்கள். குழுவைத் தொடங்கியவர் அவர்தான். 1962 ஏப்ரலில் ஈலிங் பகுதியில் இருந்த ஒரு கிளப்பில், அமெரிக்க புளூஸ் கலைஞர் எல்மோர் ஜேம்ஸின் பாட்டை அவர் ஸ்லைட் முறையில், அதாவது விரலில் குழாய் மாட்டித் தந்திமேல் வழுக்கி வாசித்ததைக் கேட்டு, பின்னர் குழுவின் பாடகரான மிக் ஜாகரும் கீத்தும் வாய் பிளந்து நின்றார்கள். அப்போது இங்கிலாந்தில் அப்படி வாசிக்கத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். 1964 டிசம்பரில் பிரிட்டிஷ் தரவரிசையில் முதலிடம் பிடித்த 'லிட்டில் ரெட் ரூஸ்டர்' பாட்டின் உயிர் அவருடைய ஸ்லைட்தான். பின்பு அவருக்குக் கிதாரின்மீதே ஆர்வம் குறைந்தது. 'பெய்ன்ட் இட் பிளாக்' பாட்டில் சிதார், 'அண்டர் மை தம்ப்' பாட்டில் மரிம்பா, 'ரூபி டியூஸ்டே'யில் ரெக்கார்டர் என்று கையில் கிடைத்த வாத்தியத்தையெல்லாம் வாசித்துப் பாட்டுக்கு நிறம் சேர்த்தார். இசைஞர் என்ற வகையில் அது பெரிய கொடை. சிறந்த கிதார் கலைஞர் என்ற போட்டியில் மட்டும் அது அவருக்கு எதிராகவே போகிறது. 1968இல் வெளிவந்த 'பெக்கர்ஸ் பாங்க்வெட்' ஆல்பத்தில் உள்ள 'நோ எக்ஸ்பெக்டேஷன்ஸ்' பாட்டில் அவர் வாசித்த ஸ்லைட், விடைபெறுகிற ஒருவர் வாசித்தது போலவே ஒலிக்கும். 1969 ஜூனில் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். ஜூலை 3 அன்று இறந்தார்.

இறந்த இரண்டாம் நாள், அதாவது ஜூலை 5 அன்று, லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த இலவச நிகழ்ச்சியில் மிக் டெய்லர் முதன்முறையாகக் குழுவோடு மேடையேறினார். வயது 20. ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவில் 18 வயதிலேயே சேர்ந்தவர். எரிக் கிளாப்டன், பீட்டர் கிரீன் போன்ற பெரிய கிதார் கலைஞர்கள் இருந்துவிட்டுப் போன இடம் அது. எனவே ஸ்டோன்ஸ் குழுவுக்குள் நுழையும்போதே அவர் தேர்ந்த கை.

டெய்லரின் கையில் என்ன விசேஷம் என்பதற்கு 'ஸ்வே' பாட்டு போதும். 1971இல் வந்த 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' ஆல்பத்தின் இரண்டாம் பாட்டு இது. கீத் இதில் கிதாரே வாசிக்கவில்லை. ரிதம் கிதார், அதாவது தாளத்தோடு பாட்டைத் தாங்கிப் போகும் கிதார், ஜாகருடையது. பாட்டின் நடுவில் டெய்லர் ஸ்லைட்டில் ஒரு சிறு சோலோ வாசிக்கிறார். பாட்டு முடிந்த பிறகு ஸ்லைட்டைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் இன்னொன்று வாசிக்கிறார், அது மங்கி மறையும்வரை ஓடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். விரலால் வாசிக்கும்போதும் ஸ்வரத்தின் அசைவு ஸ்லைட்டில் கேட்ட அதே அகலத்தில், அதே நிதானத்தில் இருக்கிறது. எங்கும் அவசரம் கிடையாது. ஸ்வரத்தை நேராகப் போய்த் தொடாமல், கீழிருந்து தந்தியை இழுத்துக்கொண்டு போய் அங்கே நிறுத்தி, அதன் பிறகே அசைக்கிறார். நம் காதுக்கு இது உடனே பிடித்துப்போவதில் வியப்பில்லை. கமகத்தோடு வளர்ந்த காது அல்லவா. அதே ஆல்பத்தின் 'மூன்லைட் மைல்' பாட்டிலும் கீத் இல்லை. 1974இல் வந்த 'டைம் வெய்ட்ஸ் ஃபார் நோ ஒன்' பாட்டின் கடைசிப் பகுதியில் டெய்லர் வாசிப்பது அந்தக் குழு பதிவு செய்த மிக அழகான நீண்ட சோலோ என்பது என் எண்ணம்.

ஆகவே டெய்லர் கட்சிக்காரர்களின் முதல் வாதம், அதாவது சோலோ வாசிப்பதில் அவருக்கு இணையாக அந்தக் குழுவில் யாரும் இருந்ததில்லை என்பது, முழுக்கச் சரி. அவர்களின் இரண்டாம் வாதத்தில்தான் ஓட்டை இருக்கிறது. குழுவின் பொற்காலம் டெய்லர் இருந்த காலம், எனவே பொற்காலத்தை உண்டாக்கியவர் டெய்லர் என்கிறார்கள். பொற்காலம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிற நான்கு ஆல்பங்களை எடுத்துக்கொள்வோம்: 1968இல் 'பெக்கர்ஸ் பாங்க்வெட்', 1969இல் 'லெட் இட் பிளீட்', 1971இல் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்', 1972இல் 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்'. முதல் ஆல்பத்தில் டெய்லர் இல்லவே இல்லை. இரண்டாவதில் இரண்டே பாட்டுகளில் வாசிக்கிறார். பிரையன் அப்போது பெயருக்குத்தான் குழுவில் இருந்தார். எனவே அந்த இரண்டு ஆல்பங்களிலும் கேட்கிற கிதார்களில் பெரும்பாலானவை கீத் ஒருவரே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. 'சிம்பதி ஃபார் த டெவில்' பாட்டில் கண்ணாடித் துண்டு போலக் குத்தும் அந்தச் சோலோ அவருடையது. அதே பாட்டில் பேஸ் கிதாரும் அவரே. 'ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்' பாட்டில் மின்சாரக் கிதார் போல உறுமுவது உண்மையில் மரக் கிதார்தான். சின்ன கேசட் ரெக்கார்டரில் ஒலியை அளவுக்கு மீறித் திணித்துப் பதிவு செய்து, அந்தப் பிசிறையே இசையாக்கினார். 'கிம்மி ஷெல்டர்' பாட்டின் தொடக்கமும் அவர்தான். இரவல் கிதார் ஒன்றில் அதை வாசித்ததாகவும், பதிவின் கடைசி ஸ்வரத்தில் அதன் கழுத்து கழன்று விழுந்ததாகவும் அவர் சொல்லும் கதையை எவ்வளவு தூரம் நம்புவது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

பொற்காலம் டெய்லர் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்பது இதிலிருந்து தெரியும். அதைத் தொடங்கி வைத்ததில் பெரும் பங்கு ஒரு தொழில்நுட்ப மாற்றத்துக்கு உண்டு. கிதார் பழகுகிறவர்கள் இதைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் முழுமையாகப் புரியும்.

1960களின் இறுதியில் கீத் ஓப்பன் ஜி என்னும் சுருதி அமைப்புக்கு மாறினார். வழக்கமான ஆறு தந்திகளில் தடித்த ஆறாம் தந்தியைக் கழற்றிவிடுவார். மீதமுள்ள ஐந்தையும் ஜி, டி, ஜி, பி, டி என்று சுருதி கூட்டுவார். இப்போது எந்த விரலையும் வைக்காமல் தந்திகளை மீட்டினாலே ஜி மேஜர் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) கேட்கும். ஆட்காட்டி விரலை எந்த ஃபிரெட்டில் (கிதார் கழுத்தில் உள்ள கட்டம்) குறுக்கே படுக்க வைத்தாலும் அந்த இடத்தின் மேஜர் கார்ட் கிடைக்கும். ஐந்தாம் ஃபிரெட் என்றால் சி மேஜர். விரலை எடுக்காமல், நடுவிரலைப் பி தந்தியில் ஆறாம் ஃபிரெட்டிலும் மோதிர விரலை டி தந்திகளில் தடித்ததின்மேல் ஏழாம் ஃபிரெட்டிலும் வையுங்கள். சி கார்ட் எஃப் பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அந்த இரு விரல்களையும் எடுத்தால் மறுபடியும் சி. வைத்து எடுக்கும் இந்த அசைவை மூன்றாம் ஃபிரெட்டிலும் செய்தால், 1981இல் வந்த 'ஸ்டார்ட் மீ அப்' பாட்டின் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு கிதார் வாக்கியம், ஏறக்குறைய உங்கள் கையில் வந்துவிட்டது. 'ஹாங்கி டாங்க் விமன்', 'பிரவுன் சுகர்', 'டம்பிளிங் டைஸ்' எல்லாவற்றிலும் ஓடுவது இந்த அசைவின் வெவ்வேறு உருவங்கள்தான்.

ஆறாம் தந்தியை ஏன் கழற்ற வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. ஓப்பன் ஜி அமைப்பில் அந்தத் தந்தியை டி ஆக இறக்க வேண்டும். அப்போது கார்டின் ஆதார ஸ்வரத்துக்குக் கீழே இன்னொரு ஸ்வரம் கிடந்து குழப்பும். அதை நீக்கிவிட்டால் ஆதார ஸ்வரமே அடியில் நிற்கும், பேஸ் கிதாருக்கும் இடம் கிடைக்கும். நானும் வீட்டில் கிடந்த ஒரு பழைய கிதாரில் ஆறாம் தந்தியைக் கழற்றிவிட்டு இதைச் செய்து பார்த்தேன். விரல் வைக்கும் இடங்கள் அரை மணி நேரத்தில் வந்துவிட்டன. ஆனால் எப்போது தந்தியைத் தொடக்கூடாது என்பது வரவே இல்லை. ஒவ்வொரு அடிக்கும் இடையில் தந்திகளை மூச்சுவிட விட்டுவிட்டு, தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் வந்து விழுகிற அந்த அடி எத்தனை ஆண்டு வாசித்தாலும் வராது போலிருக்கிறது. கீத்துக்குச் சோலோ வராது என்று குறை சொல்பவர்கள், அவருடைய வலது கை செய்கிற இந்த வேலையைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

நியாயமாகச் சொன்னால், இந்தச் சுருதி அமைப்பு கீத்தின் கண்டுபிடிப்பு அல்ல. பழைய புளூஸ் கலைஞர்களும் பாஞ்சோ வாசிப்பவர்களும் வைத்திருந்தது; அமெரிக்கக் கிதார் கலைஞர் ரை கூடரிடமிருந்து கற்றுக்கொண்டதை 2010இல் வெளிவந்த தன் சுயசரிதையில் கீத்தே ஒப்புக்கொள்கிறார். 'பிரவுன் சுகர்' ரிஃபைக்கூட உருவாக்கியவர் ஜாகர்தான். கீத்தின் பெருமைக்கு இதனால் குறைவில்லை. மற்றவர்கள் புளூஸ் பாடுவதற்கு வைத்திருந்த ஒன்றை அவர் ஒரு குழு முழுவதையும் ஓட்டுகிற இயந்திரமாக மாற்றினார். பெரும்பாலான ராக் குழுக்களில் ட்ரம்ஸைப் பின்பற்றிக் கிதார் போகும்; ஸ்டோன்ஸ் குழுவில் ட்ரம்ஸ் கலைஞர் சார்லி வாட்ஸ் கீத்தின் கிதாரைப் பின்பற்றி வாசித்தார். குழுவின் பேஸ் கலைஞர் பில் வைமனே இதைச் சொல்லியிருக்கிறார். நூலிழை தள்ளாட்டத்தோடு நகரும் அந்த நடை பிறப்பது அங்கேதான்.

இப்போது இருவரும் சேர்ந்து வாசித்த ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். 'கான்ட் யூ ஹியர் மீ நாக்கிங்' ஏழு நிமிடத்துக்குமேல் ஓடும் பாட்டு. முதல் மூன்று நிமிடத்துக்குள் பாட்டு முடிந்துவிடுகிறது. அதுவரை நடத்துவது கீத்தின் ஓப்பன் ஜி ரிஃப். அதற்குப் பிறகு காங்கா தாளம் எழும்ப, பாபி கீஸின் சாக்ஸபோன் வர, அதற்குப் பின் டெய்லரின் கிதார் நுழைந்து இறுதிவரை போகிறது. பாட்டு முடிந்த பிறகும் தனக்கு வாசித்துக்கொண்டே இருக்கத் தோன்றியது, திட்டமிட்டதல்ல என்று டெய்லர் சொல்லியிருக்கிறார். டேப் நிறுத்தப்படாமல் ஓடியதால் அது நமக்குக் கிடைத்தது. டெய்லர் ரசிகர்கள் இதன் பின்பாதியை மட்டும் எடுத்துக் காட்டுவார்கள். கச்சேரி கேட்கிறவர்களுக்குச் சொல்வதென்றால், கீர்த்தனை பாடியவரை விட்டுவிட்டு அதன் முடிவில் வந்த கல்பனாஸ்வரத்துக்கு மட்டும் கைதட்டுவது போன்றது இது. கல்பனாஸ்வரம் அபாரம்தான், அது உட்கார்ந்திருக்கும் கீர்த்தனை இன்னொருவருடையது. 1972 ஆல்பத்தின் 'ஹேப்பி' பாட்டில் டெய்லர் இல்லாமலே கீத் பாடி, கிதாரும் பேஸும் வாசித்து முடித்துவிட்டார் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

டெய்லருக்கு அநீதி நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஐந்தரை ஆண்டுக் காலத்தில் 'வென்டிலேட்டர் புளூஸ்' என்ற ஒரே பாட்டில்தான் ஜாகர், கீத் பெயர்களோடு அவர் பெயரும் இடம்பெற்றது. இன்னும் சில பாட்டுகள் உருவாவதில் தனக்குப் பங்குண்டு என்பது அவருடைய நீண்டகால மனக்குறை. 1981இல் வந்த 'டாட்டூ யூ' ஆல்பத்தின் 'டாப்ஸ்' பாட்டில் கேட்கும் டெய்லரின் கிதார் 1972இல் பதிவானது. உறையில் அவர் பெயர் இல்லை. 1974 டிசம்பரில் அவர் தானாகவே விலகியபோது மற்றவர்கள் திகைத்தார்கள் என்பது பதிவான செய்தி. உச்சத்தில் இருந்த ஒரு குழுவை விட்டு 25 வயதில் ஒருவர் வெளியேறுவது அபூர்வம்.

அடுத்து வந்த இடைக்காலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. யார் எதை வாசித்தார் என்பதில் தவறான தகவல்கள் நிறையச் சுற்றுகின்றன. 'சிஸ்டர் மார்ஃபின்' பாட்டின் ஸ்லைட்டை டெய்லர் கணக்கில் எழுதுகிறார்கள்; வாசித்தவர் ரை கூடர். 1976இல் வந்த 'பிளாக் அண்ட் புளூ' ஆல்பத்தின் 'ஹேண்ட் ஆஃப் ஃபேட்' சோலோவை ரான் வுட் கணக்கில் எழுதுகிறார்கள்; அது டெய்லரின் இடத்துக்கு வாசித்துப் பார்க்க வந்தவர்களில் ஒருவரான வெய்ன் பெர்கின்ஸ் வாசித்தது. அதே ஆல்பத்தின் 'ஹாட் ஸ்டஃப்' பாட்டில் ஹார்வி மாண்டல். ஜெஃப் பெக்கும் ரோரி கேலகரும்கூட அப்போது பதிவு நடந்த ராட்டர்டாமுக்கு வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். இத்தனை பெரிய சோலோக்காரர்கள் வரிசையில் நின்றும், குழு தேர்ந்தெடுத்தது ரான் வுட்டை. அந்தத் தேர்வே நம் விவாதத்துக்குப் பாதிப் பதில்.

ரான் வுட்டைத் தனியாக எடுத்தால் டெய்லரின் பக்கத்தில் நிற்க முடியாது. சில மேடைப் பதிவுகளில் சோலோ எங்கே போகிறது என்று அவருக்கே தெரியாதது போலிருக்கும். அவரைக் கீத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டும். 1978இல் வந்த 'பீஸ்ட் ஆஃப் பர்டன்' பாட்டைப் பாருங்கள். பிசிறில்லாத இரண்டு கிதார்கள். எது லீட் (முன்னின்று வாசிப்பது), எது ரிதம் என்று சொல்லவே முடியாது. ஒருவர் இரண்டு ஸ்வரம் வைத்துவிட்டு நகர்ந்தால் அந்த இடைவெளியில் மற்றவர் மூன்று வைக்கிறார். ஒருவர் மேலே போனால் மற்றவர் கீழே இறங்குகிறார். யாரும் யாருக்கும் இடம் கொடுத்ததாகத் தோன்றாமலே இருவருக்கும் இடம் இருக்கிறது. இதைக் கீத் நெசவு என்று அழைப்பார். நமக்கு அதைவிடப் பொருத்தமான சொல் உண்டு: ஊடும் பாவும். டெய்லர் காலத்தில் இது குறைந்தது. அவர் வாசிப்பு அவ்வளவு முழுமையாக இருந்ததால், கீத் பாவு போட, டெய்லர் அதன்மேல் பூவேலை செய்யும்படி ஆனது. பூவேலை கண்ணைப் பறிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தொடக்க காலத்தில் பிரையனும் கீத்தும் ஒரே அறையில் நாள்கணக்கில் உட்கார்ந்து உருவாக்கிய பழக்கம் ஊடும் பாவுமாக வாசிப்பதுதான். அந்தக் குழுவின் தனி அடையாளமாக நான் கருதுவதும் அதையே.

மூவரோடும் மூன்று விதமாக வாசித்து, மூன்று விதமாகவும் குழு ஒரே குழுவாக ஒலிக்கும்படி செய்தவர் ஒருவர்தான் என்பதால் என் வாக்கு கீத்துக்கு. டெய்லரின் சோலோக்களை வேறொரு நல்ல புளூஸ் குழுவிலும் நாம் கேட்டிருக்க முடியும். ஜான் மேயாலோடு அவர் வாசித்ததைக் கேட்டாலே அது தெரியும். கீத்தின் ஐந்து தந்தியை எடுத்துவிட்டால் ஸ்டோன்ஸ் என்று ஒன்று மிஞ்சாது.

எங்கிருந்து கேட்பது என்ற கேள்விக்கு வருகிறேன். முதலில் 'நோ எக்ஸ்பெக்டேஷன்ஸ்', பிறகு 'கிம்மி ஷெல்டர்', பிறகு 'ஸ்வே', பிறகு 'பீஸ்ட் ஆஃப் பர்டன்' என்ற வரிசையில் கேளுங்கள். நான்கு விதமான வாசிப்பும் கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பொழுதில் காதில் பதிந்துவிடும். அதன் பிறகு 1969 நவம்பரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பதிவாகி, 1970இல் 'கெட் யர் யா-யாஸ் அவுட்' ஆல்பத்தில் வந்த 'சிம்பதி ஃபார் த டெவில்' மேடைப் பதிவை ஹெட்போனில் கேளுங்கள். ஒரு கிதார் ஒரு காதிலும் மற்றது மறு காதிலும் ஒலிக்கும். முதல் சோலோ கீத்துடையது: குட்டையான, முரட்டு வாக்கியங்கள், நடுவில் வெற்றிடங்கள், ஒவ்வொரு அடியும் தாளத்தின்மேல் கல்லெறிவது போல. அடுத்தது டெய்லருடையது: அறுபடாமல் நீளும் ஒரே இழை. இரண்டையும் கேட்கும்போது, சோலோ வாசிக்காதவரின் கை அந்த நேரத்தில் மறு காதில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.